மருந்தும் மனத்துணிவும்

மருந்துண்டு அச்சத்தை வென்றவனைத் தைரியசாலி எனலாமா? இது வீண் தர்க்கமன்று. சிகிச்சை நாடும் ஒவ்வொருவரின் மானத்தையும் பற்றிய வினாவாகும்.

அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நேர்கொள்ளச் செய்து, எதிர்பார்த்த தீங்கு விளையவில்லை என்பதை மனத்துக்குக் கற்பிக்கும் சிகிச்சையொன்று நெடுநாளாக வழங்கி வருகின்றது. காசநோய்க்கு அளிக்கப்படும் டி-சைக்ளோசெரின் என்னும் மருந்து அக்கல்விக்குத் துணைபுரியுமா என அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்தனர். 2004-இல் வெளியான ஆராய்ச்சியில், உயரத்துக்கு அஞ்சும் 28 பேர் கருவி காட்டிய மாயக்காட்சியில் கண்ணாடி மின்தூக்கி ஏறிப் பழகினர். பயிற்சிக்கு முன் மருந்துண்டோர், வெறும் மாத்திரை உண்டோரினும் மிக்க நலம் எய்தினர்.

ஆயினும், 1,000-க்கு மேற்பட்டோரின் விவரங்களை 2017-இல் ஒருங்கே நோக்கியபோது, பயன் சிறிதென்றே புலனாயிற்று. பயிற்சி முடிவில் அச்சம் தணிந்தோர்க்கே மருந்து உதவிற்று என்றும், தணியாதோர்க்கு அது பின்னடைவாகவும் கூடும் என்றும் 2013-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின.

இதன் கருத்தென்ன? உரம் பயிரையும் வளர்க்கும், களையையும் வளர்க்கும். எது வேரூன்றியதோ அதுவே செழிக்கும். இம்மருந்தும் அத்தகையதே. அது தைரியத்தைத் தருவதில்லை. மனம் கற்றதை நிலைநிறுத்தவே முயல்கின்றது. கற்க வேண்டியவனோ மனிதன்!

ஆகவே, மருந்துண்பவனைக் கோழையென்று இகழ்வது அறியாமை. மாத்திரையே அச்சத்தைப் போக்கிவிடும் என்று கைகட்டி இருப்பதும் அறியாமையே. நடுங்கும் காலை முன்வைத்தவன் எவனோ, வெற்றியும் அவனுடையதே.