இலேகியமா, போசனப்பிரியமா?

இனிப்பின்மீது மனிதனுக்குள்ள நாட்டம் வளர்ந்தபின் கற்றுக்கொள்ளும் பழக்கமன்று என்பதையும், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாவில் சர்க்கரைக் கரைசலின் ஒரு துளி பட்டதும் அதன் முகம் தளர்ந்து மலர்கிறது என்பதையும் ஜேக்கப் ஸ்டைனர் என்னும் ஆய்வாளர் 1970களில் செய்த சோதனைகள் தெளிவாகக் காட்டின. கசப்பைத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இனிப்பை யாரும் பழக்கிவிட வேண்டியதில்லை. தாய்ப்பாலில் தொடங்கி, பல் விழுந்த பின்னும் விடாமல் கூடவரும் இந்த விருப்பத்தை ஒழுக்கவியல் எந்தக் கணக்கில் எழுதுவது, கிறித்தவ மரபு தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக வைத்த போசனப்பிரியத்தில், அதாவது உணவின்மீது கொள்ளும் முறைகடந்த ஆசையில், அது சேருமா என்னும் கேள்வி மிகப் பழையது. தேனும் கரும்பும் எழுப்பிய அளவுக்கும் மேலாக அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கி, 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பேரரசின் இறையியலாளர்களையும் சட்ட அறிஞர்களையும் நூல் நூலாக எழுதவைத்த பொருள் சாக்லெட்.

அன்றைய சாக்லெட் ஒரு பானம். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் கக்காவோ விதைகளை மண்தட்டில் வறுத்து, தோல் நீக்கி, அடியில் கனல் வைத்த சாய்ந்த அம்மியில் அரைத்தார்கள். விதையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு என்பதால், அரைபடும்போதே அது தூளாகாமல் கரிய, மினுமினுப்பான விழுதாக இளகிவிடும். விழுதை நீரில் கரைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றி நுரை எழுப்புவார்கள். நுரை இல்லாத பானத்துக்கு மதிப்பு இல்லை. மிளகாயும் மணப்பூக்களும் சேர்ந்த அந்தக் கசப்பில் ஸ்பானியர்கள் சர்க்கரையையும் இலவங்கப்பட்டையையும் சேர்த்தார்கள். ஆற்றுவதற்குப் பதிலாக, மோர் கடையும் சிறு மத்தைப்போல் இரு உள்ளங்கைகளுக்கும் இடையே உருட்டும் மொலினியோ என்னும் மரக்கோலால் கடைந்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் அப்போது இருவகை நோன்புகள் வழங்கின. நற்கருணை பெறும் நாளின் நள்ளிரவு முதல் காக்கப்படும் இயற்கை நோன்பு ஒன்று. அதில் ஒரு மிடறு தண்ணீரும் விலக்கு. தவக்காலத்திலும் குறிப்பிட்ட பிற நாள்களிலும் கடைப்பிடிக்கப்படும் திருச்சபை நோன்பு மற்றொன்று. தமிழ்க் கத்தோலிக்கர் ஒருசந்தி என்று சொல்லிவந்த இது, நாளில் ஒருவேளை உணவை விதித்ததே தவிரப் பருகுவதைத் தடுக்கவில்லை, ஏனெனில் பானம் தாகம் தணிக்கவும் உண்டதைச் செரிக்கவும் உதவுவது, ஊட்டத்துக்கு உரியதன்று என்பது கொள்கை. ஆகவே திரவம் நோன்பை முறிப்பதில்லை என்பது வழக்காயிற்று. ஒரு கிண்ணம் குடித்தவரை நெடுநேரம் பசியின்றி வைத்திருக்கும் சாக்லெட் இவ்விதியின் வாசலில் வந்து நின்றபோது, விதிக்கே தன்மீது ஐயம் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

மெக்சிகோவில் மருத்துவராக இருந்த ஹுவான் தெ கார்தெனாஸ் 1591ஆம் ஆண்டு நூலிலேயே, இது நோன்பை முறிக்கும் என்று வாதிட்டார். ஸ்பெயினின் அமெரிக்க ஆட்சிப்பகுதிகளை மேற்பார்த்த இந்தியப் பேரவையில் பணியாற்றிய சட்ட அறிஞர் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ, இந்த ஒரு கேள்விக்காகவே 1636இல் மத்ரித்தில் தனி நூல் வெளியிட்டார். 1645இல் தொமாஸ் ஹுர்த்தாதோ என்னும் துறவி சாக்லெட்டையும் புகையிலையையும் இருவகை நோன்புகளோடும் பொருத்தி ஆராய்ந்தார். 1664இல் கர்தினால் பிரங்காச்சோ ரோமிலிருந்து சாக்லெட்டுக்கு ஆதரவாக எழுதினார். நீரில் கரைத்தால் பானம், பாலும் முட்டையும் சேர்ந்தால் உணவு என்பது போன்ற கோடுகள் கிழிக்கப்பட்டன. இவற்றைக் கேட்பவர்க்குச் சிரிப்பு வருவது இயல்பு. எனினும் பொதுவிதியைத் தனித்தனி வாழ்க்கைச் சூழல்களில் பொருத்திப் பார்த்து மனச்சான்றின் ஐயத்தைத் தீர்க்கும் இந்த வழக்காய்வு முறை, கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே, கேட்பவரின் உள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்ற இடத்துக்கு மெல்ல நகர்ந்தது. அந்த நகர்வுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

அதற்கான வழியை 13ஆம் நூற்றாண்டிலேயே தோமஸ் அக்குவினாஸ் திறந்துவைத்திருந்தார். அவருடைய பெருநூலான இறையியல் தொகுப்பில் நோன்பைப் பற்றிய பகுதியில் எலெக்துவாரியம் என்னும் பண்டம் விவாதத்துக்கு வருகிறது. மருந்துப் பொருள்களை இனிப்போடு சேர்த்து விழுதாகக் கிண்டிய அதற்கு இலேகியம் என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. இலேகியம் ஓரளவு ஊட்டம் தருவது உண்மையே ஆயினும், அது முதன்மையாகச் செரிமானத்துக்காக உண்ணப்படுவதால், மற்ற மருந்துகளைப் போலவே நோன்பை முறிப்பதில்லை என்பது அவர் முடிவு. ஆனால் ஏமாற்றும் நோக்கத்தோடு, உணவுக்குப் பதிலாக ஒருவர் அதை மிகுதியாக உண்டால் அந்த விலக்கு செல்லாது என்ற ஒரு நிபந்தனையையும் அவர் வைத்தார். வெல்லமும் நெய்யும் சுக்கும் திப்பிலியும் சேர்த்துக் கிண்டும் தீபாவளி மருந்தை, ஜீரணத்துக்கு ஒரு நெல்லிக்காயளவு என்று தொடங்கி, மாலைக்குள் கிண்ணத்தை வழித்துவிடும் வீடுகளை அறிந்தவர்க்கு அந்த நிபந்தனையின் கூர்மை எளிதில் விளங்கும். பலகாரம் என்னும் சொல்லின் வரலாறும் அதையே சொல்கிறது: பழ உணவு எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்து, விரத நாளில் சோற்றைத் தவிர்த்து உண்ணும் எளிய உணவுக்குப் பெயரான அது, இன்று அதிரசத்தையும் முறுக்கையும் தன் கீழ் வைத்திருக்கிறது.

ஏமாற்று என்று அக்குவினாஸ் சொன்னது எப்படியிருக்கும் என்பதை, தொமினிக்கன் துறவியாக அமெரிக்காவில் வாழ்ந்து பின்னர் புராட்டஸ்டண்ட் ஆன ஆங்கிலேயர் தோமஸ் கேஜ், 1648இல் வெளியிட்ட பயண நூலில் காட்டுகிறார். சியாப்பாஸ் பகுதியின் உயர்குடிப் பெண்கள் தங்கள் வயிறு பலவீனமானது என்றும், சூடான சாக்லெட் இல்லாமல் நெடும் பூசை முடியும்வரை தாங்காது என்றும் சொல்லி, பணிப்பெண்களைக் கொண்டு கோவிலுக்குள்ளேயே அதைத் தருவித்துக் குடித்தார்கள். ஆயர் சபைநீக்கம் செய்வதாக எச்சரித்தபோது, அவருடைய பேராலயத்தை விட்டு மடங்களின் பூசைக்குப் போகத் தொடங்கினார்கள். ஆயர் சிறிது காலத்தில் இறந்ததையும், நஞ்சு கலந்த சாக்லெட்டே காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டதையும் கேஜ் எழுதுகிறார்; திருச்சபையைப் பகைத்துப் பிரிந்தவரின் எழுத்து என்பதால் அந்தக் கடைசிச் செய்தியை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். இங்கே முக்கியமானது வயிற்றைச் சாட்சிக்கு அழைத்த அந்த வாதம்.

வயிறு சொல்லும் சாட்சியை நம்பலாமா என்பதைப் பண்டைத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனைவிட நுட்பமாக விசாரித்தவர் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ஒப்புதல் நூலின் 10ஆம் பாகத்தில், உணவை மருந்துபோல் உண்ணக் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் அவர், பசியின் வேதனையிலிருந்து நிறைவின் அமைதிக்குச் செல்லும் வழியிலேயே ஆசையின் கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது என்றும், அந்த வழியே இன்பமாக இருப்பதால் அதைத் தவிர்த்து அக்கரை சேர வேறு பாதையில்லை என்றும் காட்டுகிறார். கேட்பது உடலின் தேவையா, தேவையின் வேடமிட்ட இச்சையா என்பது பலமுறை தெளிவாவதில்லை. அந்தத் தெளிவின்மையைக் கண்டு உள்ளம் மகிழ்ச்சியும் கொள்கிறது, ஏனெனில் அது சாக்குச் சொல்ல இடம் தருகிறது. மனித மனத்தைப் பற்றிய இத்தனை நேர்மையான கவனிப்பு சமய இலக்கியத்தில் அரிது.

பானமா, உணவா என்ற வழக்கைத் தீர்க்காமலே 19ஆம் நூற்றாண்டு அதை அடியோடு கலைத்துவிட்டது. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் கக்காவோவின் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஃப்ரை நிறுவனம் அக்கொழுப்பைச் சர்க்கரையோடும் தூளோடும் மீண்டும் சேர்த்து, கடித்துத் தின்னும் கட்டியை வார்த்தது. கக்காவோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில், அதாவது உடல் வெப்பத்துக்குச் சற்றே கீழே உருகுகிறது. எனவே விரல் நுனியில் திடமாக இருக்கும் துண்டு நாவின் நடுவில் திரவமாகிவிடுகிறது, அது உணவாக நுழைந்து பானமாக இறங்குவதை எந்த இறையியலாளரும் எந்த இடத்தில் நிறுத்தி வகைப்படுத்துவது?

கட்டியான சாக்லெட் கேக்காகவும் களியாகவும் ஐரோப்பிய விருந்தின் இறுதி வரிசையில் வந்து அமர்ந்தது. வியன்னாவின் ஸாக்கர் டோர்ட்டே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அடர்ந்த சாக்லெட் கேக், அதன்மேல் மெல்லிய ஆப்ரிகாட் பழக்கூழ், அனைத்தையும் மூடிப் பளபளக்கும் சாக்லெட் பூச்சு, தித்திப்பைத் தணிக்கப் பக்கத்தில் சர்க்கரை சேர்க்காமல் அடித்த பாலாடை. ஊணுக்குப் பின் வரும் இத்தகைய இனிப்பு, அகுஸ்தீனின் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. பசி அடங்கிய பிறகு வருவதால் அதற்குத் தேவை என்ற திரையே கிடையாது. சியாப்பாஸ் பெண்கள் வயிற்றைக் காரணம் காட்டினார்கள், வயிறு நிறைந்தவர் எதையும் காரணம் காட்ட முடியாது. வாழ்நாள் முழுவதும் இனிப்பை விரும்பி, அதை இனிப்புக்காகவே உண்பதாக ஒப்புக்கொள்பவரிடம் அக்குவினாஸ் சொன்ன ஏமாற்று இல்லை. உடலுக்குக் கண்டிப்பாகத் தேவைப்படாத இன்பங்களையும், உடல்நலத்துக்கு இடையூறாகாதபோது, இடமும் காலமும் அறிந்து அளவோடு நுகர்வதை அக்குவினாஸ் மட்டுநிலை என்னும் நற்பண்புக்குள்ளேயே வைத்தார் என்பதும், இன்பத்தை முற்றாக மறுக்கும் உணர்வின்மையை ஒரு குறையென்றே எண்ணினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. நாவின் நீதிமன்றத்தில் இனிப்புப் பிரியர் ஏறத்தாழ விடுதலை பெற்றுவிடுகிறார்.

ஆனால் அந்த நீதிமன்றம் நாவோடும் வயிற்றோடும் விசாரணையை முடித்துக்கொண்டது. உண்ணாநோன்பைவிட ஒடுக்கப்பட்டவரின் கட்டுகளை அவிழ்ப்பதே இறைவன் விரும்பும் நோன்பு என்று எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரம் சொல்லியிருந்தும், நோன்பு நாளின் கிண்ணத்தைப் பற்றி நடந்த அந்தப் பெரிய விவாதம், கக்காவோவைப் பறித்த கைகளை நடுவில் கொண்டுவரவில்லை. அந்தக் கைகளின் கேள்வி, நோன்பு நாள்களையே கணக்கிடாத ஒரு சபையின் வாசலில் பிறகு வந்து நின்றது. ஃப்ரை, காட்பரி, ரவுன்ட்ரீ ஆகிய மூன்று பெரும் ஆங்கில சாக்லெட் நிறுவனங்களும் குவேக்கர் குடும்பங்களுடையவை. குவேக்கர் என்போர் குருமாரும் சடங்கும் திருநாளும் வேண்டாம், உள்ளொளி போதும் எனக் கொண்ட கிறித்தவர். கள்ளுக்கும் சாராயத்துக்கும் மாற்றாகவே கோக்கோ பானத்தை அவர்கள் போற்றினார்கள். தவக்காலத்தில் விலக்கப்பட்ட முட்டையின் வடிவில், உயிர்ப்புப் பெருவிழாவுக்கான சாக்லெட் முட்டைகளை 1873இல் ஃப்ரையும் 1875இல் காட்பரியும் இங்கிலாந்தில் வார்த்து விற்றது வரலாற்றின் சிறு குறும்பு.

காட்பரி வாங்கிய கக்காவோவில் பெரும்பங்கு போர்த்துகலின் ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஊர் திரும்பவே முடியாத அடிமைகளாக வாழ்ந்தார்கள் என்ற செய்தி 1901இல் வில்லியம் காட்பரியின் காதுக்கு எட்டியது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், லிஸ்பனோடு பேசினார்கள், அறிக்கைக்குக் காத்திருந்தார்கள்; அந்த ஆண்டுகள் நெடுகிலும் வாங்குவதும் நடந்தது. 1909 மார்ச்சில்தான் மூன்று நிறுவனங்களும் அத்தீவின் கக்காவோவை வாங்குவதை நிறுத்தின. அதற்குமுன் 1908இல் லண்டனின் ஸ்டாண்டர்டு நாளிதழ் இந்தத் தாமதத்தைக் கபடம் என்று சாடி எழுத, காட்பரி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் பர்மிங்காம் நீதிமன்ற ஜூரிகள், அவதூறு நடந்தது உண்மை என்று காட்பரியின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அதற்கு இழப்பீடாக அன்றைய நாணயங்களில் மிகச் சிறியதான ஒரு ஃபார்திங்கை, கால் பென்னியை, வழங்கினார்கள்.