பனி விலகிய பொழுது

அழகைக் கண்டு மகிழ்வது பிழையா என்னும் வினா, கடலோரத்தவனாகிய எனக்கு ஒரு மலையின் மீதுதான் எழுந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை நாள்தோறும் பார்ப்பவனுக்கு அதன் அழகு பழகிப்போய்விடுகிறது, மலையோ அப்படியன்று. சென்ற விடுமுறையில் மனைவி மக்களுடன் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றிருந்தேன்.

கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் அளவு உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், ஏற்றம் கடினமன்று, எட்டு வயது மகள் எங்களுக்கு முன்னே ஓடினாள். புல்லிடையே ஊதாவும் வெள்ளையுமாய்ச் சிறு பூக்கள். சிங்களத்தில் மகாரத்மல் எனப்படும் மரத்தில் செம்பூங்கொத்துகள். பாதையோரத்தில் மஞ்சள் பூத்த முட்புதர்கள். மகளின் உள்ளத்தைக் கவர்ந்தவை அம்மஞ்சள் பூக்களே. ஆங்கிலேயர் கொண்டுவந்த செடி அதுவென்றும், இம்மண்ணின் செடிகளை நெருக்கி அழிக்கும் வந்தேறி என்றும் உடன்வந்த ஒருவர் விளக்கினார்.

செடியைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. ஆயினும் அச்சொல் என் செவியில் உறுத்திற்று. அதே ஆங்கிலேயரால், அதே நூற்றாண்டில், முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதரை நோக்கியும் இதே சொல் வீசப்பட்டதன்றோ? அவர்கள் எதையும் அழிக்க வந்தவர்களல்லர். 1947இல் அவர்தம் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரசினர் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதிற்று. சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சியோர்க்கு வழிதிறந்த சட்டம் வந்தது 2003இல். அச்சமவெளியிலோ, 1988இல் அது தேசியப் பூங்காவானது முதல், ஒரு பூவைப் பறிப்பதும் குற்றம். அச்சட்டம் நல்ல சட்டம்; அதனை நான் குறைகூறவில்லை. பூவுக்குக் கிடைத்த காவல் மனிதருக்குக் கிடைக்க இத்தனை காலம் சென்றதேன் என்பதே என் கேள்வி.

‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பை நாங்கள் அடைந்தபோது பனி மூடியிருந்தது. வந்தவர்கள் சலித்துக்கொண்டனர். சற்று நேரத்தில் பனி விலகியது. எண்ணூறு மீற்றருக்கும் கீழே பச்சைச் சரிவு. அதில் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் லயன் கூரைகள். “அப்பா, அந்தச் சின்ன வீடுகளில் ஆர் இருக்கினம்?” என்று மகள் கேட்டாள். “தோட்டத்துச் சனங்கள்” என்று மட்டும் சொல்லி, படமெடுப்பதற்காக அவளை இந்தப்பக்கம் திருப்பினேன்.

நம் தோழர் சிலர், பசித்தவன் இருக்கும் நாட்டில் பூவைப் பாடுவது பாவம் என்பர். அதனை நான் ஒப்பவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்தவர், கூடை சுமந்தவர்க்கும் அழகுணர்ச்சி குறைவில்லை என்பதை அறிவர். பூவைப் பார்த்தது என் பிழையன்று. பனி விலகாதிருந்தால் நன்றாயிருக்குமே என்று அந்த விளிம்பில் ஒரு கணம் நினைத்தேனே, அதுதான் என்னை வருத்துகிறது. கீழே பாராதிருந்தாற்றான் நிலைக்கும் மகிழ்ச்சி எத்தகைய மகிழ்ச்சி?

விடுமுறை முடிந்து வகுப்பில் குறிஞ்சித்திணை நடத்தினேன். மலையும் மலைசார்ந்த இடமும், புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று வழக்கம்போற் சொல்லி, நான் கண்ட பூக்களையும் விவரித்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு இப்பக்கம் வந்து குடியேறிய குடும்பத்துப் பையன்.

“சேர், எங்கட அம்மாயி மலையைப் பற்றிச் சொன்னால் அட்டைக்கடியும் குளிரும்தான் சொல்லுவா. அந்தப் பாறைக்குக் கீழேதான் அவ பிறந்த தோட்டமாம். மேலேயிருந்து பார்த்தால் லயம் தெரியுமா சேர்?”

அவன் முகத்தைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் விடைக்காகக் காத்திருந்தது.

“நாங்கள் போன அன்று ஒரே பனி, தம்பி. ஒன்றும் தெரியவில்லை” என்றேன்.