தோட்ட வாசலைத் தாண்டும் சைக்கிள்

கோலசிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் ஒரு சைக்கிள், ஒரே நாளில் பலமுறை சட்டத்துக்குள் போய் வெளியே வருகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் வழியையே சாலை என்கிறது. தனியார் பராமரிக்கும் தனிவழியை விலக்கிவிடுகிறது. லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரட்டுக் களத்துக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும் செம்மண் பாதை பெரும்பாலும் இந்த விலக்கில் அடங்கும். அதே பாதை ஜெராம், தஞ்சோங் காராங் வழியே செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறியதும் நிலைமை வேறு. அங்கே இடப்பக்கம் ஒட்டிப் போக வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பும் தெரிய வேண்டும்.

பழக்கம் மட்டும் வாசலில் நிற்பதில்லை. தோட்டத்துக்குள் குலை ஏற்றும் லோரிக்காரருக்கு யார் எந்நேரம் வருவார் என்று தெரியும். விளக்கில்லாத சைக்கிள் அங்கே பெரிய குற்றமாகத் தோன்றாது. சடக்கில், அதாவது பொதுச் சாலையில், எதிரே வருபவர் முன்பின் அறியாதவர்.

கொல்லக்கூடிய வலிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கூடுதல் பொறுப்பு என்பது நியாயமான வாதம். சைக்கிள் லோரிக்காரரைக் கொல்லாது. ஆனால் இதிலிருந்து, 'விளக்கில்லாவிட்டால் என் உயிர்தானே, என் பாடு' என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அங்கேதான் பிசகு. விளக்கு எதிரே வருபவருக்கும் சேர வேண்டிய செய்தி. காணாமல் மோதியவர் அதைச் சாகும்வரை சுமக்கிறார்.

பழி யாருடையது என்பது நீதிமன்றம்வரை போனதும் உண்டு. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜோகூர் பாருவில் உருமாற்றிய சைக்கிள்களில் போன சிறுவர்கள்மீது ஒரு கார் மோதி 8 பேர் இறந்தனர். காரோட்டிய இளம்பெண் கீழ்நீதிமன்றத்தில் விடுதலையானார்; 2022இல் உயர்நீதிமன்றம் 6 ஆண்டுச் சிறை விதித்தது; 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்ட விதமே குறையுள்ளது என்று அவரை விடுவித்தது. வழக்கு முடிந்தது, யார்மீது எவ்வளவு பழி என்ற கேள்வி முடியவில்லை. பெற்றோர் எங்கே போனார்கள் என்று நாடே கேட்டது. கேட்பது எளிது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தோட்டத்துத் தாய்க்கு, பிள்ளை எந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான் என்று பார்க்க நேரம் ஏது? தண்டனைச் சட்டம் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைக் குற்றமாகவே கொள்வதில்லை. அப்போது அந்தப் பிள்ளையின் சைக்கிள் பிரேக்கைச் சரிபார்க்கும் கடமை பெரியவர்களில் யாருக்காவது சேர்ந்தாக வேண்டும். அது தாயோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல், சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் சாலை விதிகளைப் படித்துத் தேர்வெழுதுகிறார். சைக்கிள்காரருக்கு அப்படி ஒரு தேர்வு இல்லை. இன்று தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத் தொழிலாளர்களும் மிதிக்கிறார்கள். விதி தெரியாது என்பது நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் வேலைக்கு அழைத்து வந்து, லயத்தில் குடிவைத்து, கடைக்குப் போகச் சடக்கைத் தவிர வேறு வழி வைக்காத நிர்வாகம், அந்த அறியாமையில் தனக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. கத்தியும் காலணியும் கொடுக்கும் அதே கிடங்கிலிருந்து ஒரு சிவப்பு விளக்கும் கொடுக்கலாம்; பெரிய செலவில்லை. கொடுத்தபின் அதை மாட்டாமல் சடக்கில் ஏறினால், பழியில் பெரும்பங்கு மிதிப்பவருடையது.