வழி அடைத்த அறை

எங்கள் வீட்டில் ஒரு பிளேஸ்டேஷன் 2 இருந்தது. அதற்கான சிடிகளை அண்ணன் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கி வருவார். அவற்றில் ஒன்று ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ். அம்மா எட்டிப் பார்த்தால் திரையில் கார் ஓடிக்கொண்டிருக்கும், அதோடு போய்விடுவார். அந்த சிடிக்குள் வேறு என்ன இருந்தது என்று எங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியவந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன்.

2005 ஜூனில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அந்த விளையாட்டின் கணினிப் பதிப்புக்கு ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். விளையாட்டில் நாயகனைக் காதலி ‘காபி குடிக்க’ வீட்டுக்குள் கூப்பிடுவாள். கேமரா வெளியே வாசலிலேயே நின்றுவிடும். இந்த நிரலைப் போட்டால் கேமரா உள்ளே போகும். உள்ளே, பொத்தான்களை அழுத்தி ஆடும் ஒரு பாலுறவுக் காட்சி. ‘ஹாட் காபி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. நிறுவனத் தரப்பு முதலில் இது வெளியாட்களின் கைவரிசை என்றது. பிறகு, எந்த நிரலும் போடாத பிளேஸ்டேஷன் 2 வட்டுகளிலும் அதே காட்சி தூங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஜூலையில் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு விளையாட்டை ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று மாற்ற, பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன.

அந்தக் காட்சி விளையாட்டில் ‘இருந்ததா’ இல்லையா? கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நூறு வருடம் ஆடினாலும் யாரும் அங்கே போக முடியாது. நினைத்தார்கள், பாதி செய்தார்கள், வேண்டாம் என்று விட்டார்கள். மனிதர்கள் விஷயத்தில் இப்படி விடுவதைப் பாராட்டுவோம். கையை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டவனை அடித்தவன் என்று சொல்லமாட்டோம். அப்போ ஒரு விளையாட்டுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ரொம்ப நாள் நான் நிறுவனத்தின் கட்சிதான். காரணம் தொழில். ஒரு மென்பொருளில் எதையும் அழிப்பது அத்தனை சுலபமில்லை. ஒரு கோப்பை எடுத்தால் அதை எங்கேயோ எண்ணால் கூப்பிடும் இன்னொன்று விழும். வெளியீட்டுக்கு நாலு வாரம் இருக்கும்போது, எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கணும். அதனால் அறையை யாரும் இடிப்பதில்லை. போகிற வழியை அடைத்துவிடுவார்கள். சோம்பேறித்தனம் என்று வெளியே இருப்பவர்கள் சொல்லலாம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறேன். விட்டுவிட்டதில் குற்றம் இல்லை. ‘நாங்கள்தான் செய்தோம், பிறகு வேண்டாம் என்று விட்டோம்’ என்று முதல் நாளே சொல்லாததில் இருக்கிறது. கையை ஓங்கியவன், ஓங்கியதே நான் இல்லை என்றால் இறக்கியதற்கு என்ன மதிப்பு?

இது கசப்பான கதை. இனிப்பான கதையும் உண்டு. 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இல் கோட்டையின் முற்றத்தில் ஒரு நட்சத்திரச் சிலை இருக்கும். அதன் கீழே மங்கலாக ஏதோ எழுத்து. குழந்தைகள் அதை ‘எல் நிஜம் 2401’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் படித்தார்கள். எல் என்றால் மாரியோவின் தம்பி லூயிஜி. அவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று ஒரு தலைமுறையே தேடியது. லூயிஜியைச் சேர்க்கத்தான் நினைத்தோம், நினைவக இடம் போதவில்லை என்று மியாமோட்டோ சொல்லியும் யாரும் விடவில்லை. 2020 ஜூலையில் நிண்டெண்டோவின் பழைய உள் கோப்புகள் பெருமளவில் கசிந்தபோது அதற்குள் லூயிஜியின் உடல் துண்டு துண்டாகக் கிடைத்தது. ரசிகர்கள் ஒட்டவைத்தார்கள். விளையாட்டு வெளியாகி 24 வருடம் 1 மாதம் ஆகியிருந்தது. 2401! தற்செயல்தான். ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம். 2004-லேயே டிஎஸ் கருவிக்கு வந்த அதே விளையாட்டின் மறுபதிப்பில் லூயிஜியாக ஆடலாம். கடையில் வாங்கலாம். யாருடைய ஏக்கமும் அதில் தீரவில்லை. அவர்களுக்கு வேண்டியது லூயிஜி இல்லை, 1996-இல் கைவிடப்பட்ட லூயிஜி. முடிந்த படைப்பு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்க முடியும் என்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறது. ஒரு உபயோகிக்கப்படாத பொம்மையைப் பார்த்ததும் அந்த முகம் கலைகிறது. யாரோ ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து இதா அதா என்று தடுமாறியிருக்கிறார். (உண்மையைச் சொல்லணும்னா, இப்படிக் கிடைப்பதில் பெரும்பாலும் குப்பைதான். நிறமில்லாத பெட்டிகள், சோதனை அறைகள். அவற்றில் யாரும் ஆடிச் சலித்ததில்லை, அதனால் அழகாக இருக்கின்றன.)

ஆனால் லூயிஜி கிடைத்த இடம் என்னை உறுத்துகிறது. சான் அன்ட்ரியாஸ் காட்சி நாம் வாங்கிய வட்டில் இருந்தது. எங்கள் வீட்டு சிடி நேர்மையாக வாங்கியதில்லை, அது வேறு பேச்சு. லூயிஜி இருந்தது ஒருவருடைய மேசை இழுப்பறையில். வீட்டை விற்றவர் பரணில் விட்டுப்போன பெட்டியைத் திறப்பதும், குடியிருப்பவர் வீட்டில் பூட்டை உடைத்துப் பெட்டியைத் திறப்பதும் ஒன்றா? பெட்டிக்குள் இருப்பது ஒரே மாதிரி அழகாக இருக்கலாம். அன்று தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

வந்தது 2022 செப்டம்பரில். உருவாகிக்கொண்டிருந்த ஜிடிஏ 6-இன் 90 காணொளித் துண்டுகள் திருடப்பட்டு வெளியாயின. சுவரில் பூச்சு இல்லை, திரை முழுக்கப் பிழைதேடும் எழுத்துகள். என் நண்பர்கள் குழுவிலேயே ஒருவன், “இவ்ளோ வருஷமா இதத்தான் செஞ்சாங்களா?” என்று சிரித்தான். அப்போது வேறு நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கண்ட்ரோல், கல்ட் ஆஃப் தி லாம்ப் என்று தங்கள் பேர்பெற்ற விளையாட்டுகளின் அசிங்கமான ஆரம்ப நிலைகளை அவர்களே எடுத்துப் போட்டார்கள். எங்களுடையதும் இப்படித்தான் இருந்தது, பாருங்கள் என்று. பார்த்தேன். லூயிஜியைப் பார்த்தபோது வந்த அதே கிளர்ச்சிதான். இந்தத் தடவை காட்டியவர்களே திறந்து காட்டினார்கள்.

போன மாதம் வேலையில் புதிதாகச் சேர்ந்த பையன் என்னைக் கூப்பிட்டான். “அண்ணா, இந்த ஃபங்ஷன எங்கேயும் கூப்பிடலியே, தூக்கிடவா?” எட்டிப் பார்த்தேன். மூன்று வருடம் முன்னால் நான் எழுதியது. ஒரு யோசனை, சரிவரவில்லை, வழியை அடைத்திருந்தேன். மேலே என் பெயரும் தேதியும்.

“டெஸ்ட் பண்ண நேரம் இருந்தா தூக்கு,” என்றேன்.

அவன் தூக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். நான் நகர்ந்து போய்விடலாமா, நின்று விளக்கலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.