வெகுளியை வென்றவனே வீரன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



சிராங்கூன் சாலை அங்குலியா பள்ளிவாசலில் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, ஜாலான் புசார் அரங்கத்துக்கு நடந்தே போய்ப் பந்தாட்டம் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 1929-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த அரங்கம் நம் ஊராருக்கு எத்தனையோ மகிழ்ச்சிகளைத் தந்திருக்கிறது. உடலுக்கு உரமூட்டும் விளையாட்டை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. ஆனால் உடலை வளர்த்தவன் உள்ளத்தை வளர்க்காவிட்டால் நேர்வது யாது? அதைத்தான் இன்று சிந்திக்கப் புகுகிறோம்.

2006-ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதி ஆட்டம் பெர்லின் நகரில் நடந்தது. நம் சிங்கப்பூரில் அப்போது ஜூலை 10, பின்னிரவு. தஹஜ்ஜுத்துக்கு எழாத கண்களும் அன்று விழித்திருந்தன! பிரெஞ்சு அணித் தலைவர் ஜினெடின் ஜிடான், அல்ஜீரியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம் பெற்றோரின் மகன். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். 110-ஆம் நிமிடத்தில் இத்தாலிய வீரர் மாட்டராஸி, அவருடைய சகோதரியை இழுத்து இழிசொல் ஒன்றைச் சொன்னார். ஜிடான் திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்டினார். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். வைத்திருந்த கிண்ணத்தின் அருகிலேயே தலை குனிந்து நடந்து போனார் அந்த மாவீரர். பெனால்டி உதையில் 5-3 என இத்தாலி வென்றது.

1998-இல் எந்தத் தலையால் முட்டி இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டுத் தம் நாட்டுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தாரோ, அதே தலை! அந்த 1998-லேயே சவூதி வீரர் ஒருவரை மிதித்து வெளியேற்றப்பட்டவர் அவர். நோய் முன்பே அடையாளம் காட்டியிருந்தது, மருந்துதான் உண்ணப்படவில்லை.

தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டு வீரர் நோ ஆலம் ஷாவை அறியாதார் யார்? 2007 ஜனவரியில் காலாங் தேசிய அரங்கத்தில் லாவோஸ் அணியைச் சிங்கப்பூர் 11-0 என வென்றபோது, 7 கோல்கள் அவருடையவை. மறு ஆண்டு, 2008-இல், எதிரணி வீரரைத் தாக்கியதற்காக மாதக்கணக்கில் ஆடத் தடை பெற்றார். ஏழு கோல்களைப் புகழ்ந்த வாய்களே அந்தக் கோபத்தையும் பேசின. பல்லாண்டு உழைப்பால் கட்டிய மாளிகையின் முன், ஒரு நொடிக் கோபம் திரையாக விழுந்துவிடுகிறது.

ஆகவேதான் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வலியவனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கியாள்பவனே வலியவன் என்று நமக்கு உணர்த்தினார்கள். உபதேசம் கேட்டு வந்த ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டபோதும், கோபம் கொள்ளாதிருக்கும்படியே சொன்னார்கள். நின்றுகொண்டிருப்பவன் கோபம் வந்தால் உட்காரட்டும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்று வழியும் காட்டினார்கள். இழிசொல் கேட்டால் நெஞ்சு கொதிப்பது இயல்பே. கொதிப்பு வருவதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கையும் காலும் அதற்கு அடிமையாவதே குற்றம். சொல்லால் குத்திக் கிளறிவிடுபவனும் அந்தப் பாவத்தில் பங்காளியே.

சகோதரர்களே! ஜிடான் பின்னர் தொலைக்காட்சியில் தோன்றி, பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். இதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் நம்மையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளையின் ஆட்டத்தைக் காணப் போய், கோட்டோரம் நின்று நடுவரை ஏசும் தகப்பன் அவனுக்கு எதைக் கற்பிக்கிறான்? மாதமெல்லாம் உழைத்து வீட்டைக் காக்கும் கணவன், சோறு குழைந்ததற்காக ஒரு சுடுசொல் வீசினால், மனைவியின் மனத்தில் நிற்பது உழைப்பா, அந்தச் சொல்லா? நமக்குச் சிவப்பு அட்டை காட்ட நடுவர் இல்லை என்று துணிந்துவிட வேண்டாம். கிராமன் காத்திபீன் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயினும் நம்பிக்கையிழக்க வேண்டா. தடை முடிந்து திரும்பிய ஆலம் ஷா, இந்தோனேசியாவின் அரேமா அணிக்கு ஆடி, 2010-இல் லீக் பட்டம் வென்ற அணியில் இருந்தார். விழுந்தவன் எழலாம், தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. விழுந்தவனை நாமும் விழுந்த இடத்திலேயே வைத்துப் பேசலாகாது. கோபத்தை மென்று விழுங்கி மனிதரை மன்னிப்போரைத் திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம் நல்லோர் வரிசையில் வைக்கிறது. அடக்குவது ஒரு பாதி, மன்னிப்பது மறு பாதி.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் கரங்களையும் கோபத்தின் பிடியிலிருந்து காத்து, நம் நல்லமல்களை வீணாகாமல் ஏற்றருள்வானாக! ஆமீன்.