சத்தமே இல்லையே, சௌக்கியமா?

ராப்பகலாக ஓடும் சர்வர் புரோகிராம்களில் ஒரு சங்கடம். விழுந்துவிட்டால் தானாகச் சொல்லாது. செத்தவன் எப்படித் தன் சாவை அறிவிப்பான்? அதனால் இன்ஜினீயர்கள் கட்டளையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 'பிரச்னை வந்தால் சொல்' என்பதில்லை. 'சில விநாடிக்கு ஒருதரம், உயிரோடிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இரு.' இதற்குப் பெயர் ஹார்ட்பீட். துடிப்பு நின்றால், வெளியே காவலிருக்கும் இன்னொரு புரோகிராம் கூச்சல் போடும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு மின்சாரக் கம்பெனியின் அலாரம் மென்பொருள் உறைந்துபோனது. பின்னாலேயே சர்வரும் விழுந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தகவல் போனது. சர்வரைத் திரும்ப ஓட விட்டார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே ஆபரேட்டர்கள், அலாரம் அடிக்காததால் எல்லாம் சௌக்கியம் என்று இருந்தார்கள். வெளியே மின்கம்பிகள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. சாயங்காலம் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில்.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் சாராயம் இல்லை என்றே அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை ஆள் நன்றாகத்தான் நடமாடுவார். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பிழைக்க வழி உண்டு. அதாவது, முதல் சாவின் செய்தி செத்தவருக்கானது அல்ல. இன்னும் தலைவலிகூட வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அடுத்தவருக்கானது. கடைசியில் இறந்தவர்கள் 60க்கும் மேல்.

ஏன் சொல்லத் தயங்குகிறோம்? குடித்தவர் வீட்டில் போலீஸ் பயம். ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் பயம். விழுந்ததற்கும், விழுந்ததை மறைத்ததற்கும் ஒரே தண்டனை என்றால், மறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிடும். முதலாவது விபத்தாக இருக்கலாம். இரண்டாவது எப்போதுமே ஒரு முடிவு.

அதே 2024-ல், கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. வெளியே நின்று துடிப்பைக் கேட்கிற காவல் என்பது இதுதான். மலையிலிருந்து மனு வராவிட்டால் குறையில்லை என்று அர்த்தமா? மனு கொடுக்க இறங்கி வர பஸ் இல்லை என்றும் இருக்கலாமே!

சர்க்காரை விடுங்கள். உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் கடைசியாக என்ன கேட்டீர்கள்? 'இன்னும் யாருக்கெல்லாம் சொல்லணும்?' என்றா, 'யார் பண்ணது?' என்றா? இரண்டாவது என்றால், அடுத்த தடவை உங்கள் வீட்டிலும் அலாரம் அடிக்காது.