பாராட்டும் பொறுப்பும்

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு நம்மில் பலரும் போய் வருகிறோம். மாணவர் தலைவனுக்குப் பொன்னாடை, பெற்றோர் சங்கத் தலைவருக்கு மாலை, நன்கொடை தந்த வியாபாரிக்கு முன்வரிசை நாற்காலி. கைதட்டல் ஓய்ந்ததும் வீடு திரும்புகிறோம். நற்செயலைப் பாராட்டுவது நல்ல பண்புதான். ஆனால் நாம் பாராட்டுவது தலைமையையா, தலைவர் என்ற பெயரையா? கெப்பாலா பத்தாஸிலும் பினாங்குத் தீவிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாம் இதைச் சற்று நின்று யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடையில் ஒரு பையன் நாணயமானவன் என்று பத்துப் பேர் முன்னிலையில் புகழ்கிறோம். ஆனால் கல்லாப்பெட்டிச் சாவியை அவன் கையில் தரவில்லை. அந்தப் புகழ்ச்சிக்கு என்ன மதிப்பு? சாவியைக் கொடுத்து, இரவு கடையடைக்கும்போது கணக்கும் கேட்கிறோமே, அதுவே அவனுக்குச் செய்யும் மரியாதை.

நம் பெரியோர்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மாணவன் இருப்பான். வாத்தியாரிடம் கற்றதை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் நிலையத்திலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னபோது, அது நடவாத காரியம் என்றார் உதவி ஆசிரியர். பெல் அந்த வேலையை ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். 1797இல் பெல் லண்டனில் அறிக்கை வெளியிட்டபின், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. அச்சிறுவனுக்கு முதலில் கிடைத்தது மாலையன்று, வேலை.

பின்னாளில் ஆசிரியர் செலவைக் குறைப்பதற்கும் அம்முறை பயன்பட்டது. பல இடங்களில் படிப்பு வெறும் மனப்பாடமாயிற்று. ஆகவே, பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைப்பது வேறு. நம் பொறுப்பை அவன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது வேறு.

ஒப்படைத்தபின் பெரியவர் எங்கே நிற்க வேண்டும்? இதற்கு நம் வரலாற்றிலேயே விடை உண்டு. 632ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இருபது வயது எட்டாத உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைப் படைத்தலைவராக நியமித்தார்கள். முதியவர்கள் இருக்க இவரா என்ற முணுமுணுப்பு எழுந்தது. நாயகம் அவர்கள் முடிவை மாற்றவில்லை. அவர்களின் மறைவுக்குப்பின் அப்படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், இளைஞர் வாகனத்தில் அமர்ந்துவர, தாம் பக்கத்தில் நடந்தே சென்றார்கள். உமர் (ரலி) அவர்களைத் தமக்குத் துணையாக மதீனாவில் விட்டுச் செல்லும்படி அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். ஆட்சித் தலைவர் கட்டளையிட்டிருக்கலாம், கேட்டார்கள். இளையவரின் தலைமையைக் கொண்டாடுவதென்றால் இதுவன்றோ கொண்டாட்டம்!

இனிப் பெற்றோர் தலைமை. இந்நாட்டின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இடம் தந்திருக்கிறது. நாமோ ஒரு செக் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுகிறோம். கூட்டத்துக்குப் போகிறவர்களும், ஆசிரியரைக் கண்டு பேசுகிறவர்களும், அடுத்த வீட்டுப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்கிறவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். உழைப்பு அவர்களுடையது, மேடை நாற்காலி நம்முடையது. கொள்முதல் விலையும் விற்ற விலையும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கும் நாம், இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கொடுப்பது தர்மம். கூட நிற்பதே தலைமை.

அடுத்த விழாவில் ஒன்று செய்வோம். பொன்னாடை போர்த்துமுன் அந்த மாணவனிடம், “தம்பி, இந்த ஆண்டு உன்னால் யாருக்கு உதவி கிடைத்தது?” என்று கேட்போம். அவன் சொல்வதைச் சபை கேட்கட்டும். உழைத்த தாய்மார்களுக்கு முன்வரிசையை விட்டுக் கொடுப்போம். முகஸ்துதிக்கு ஆசைப்படாத உள்ளம் அங்கேதான் வளரும்.

தலைமை ஓர் அமானிதம். அதற்கு நாளை அல்லாஹ்விடம் கணக்குண்டு. அந்தக் கணக்கைச் சரியாக ஒப்புவிக்கும் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் நம் சமூகத்தில் வல்ல ரஹ்மான் பெருகச் செய்வானாக! ஆமீன்.